எல்லாவற்றுக்கும் கழுத்துத் தேய்மானமா?

ராமநாயக்கன் ஏரிக்கரையில் காலை நடை போகும் எங்கள் கோஷ்டியில் ஏழு பேர். அதில் ஐந்து பேர் வீட்டு அலமாரியில் கழுத்துப் பட்டை இருக்கிறது. ஒன்று என்னுடையது. கை மரத்துப்போனாலும் தோள் வலித்தாலும் விரலில் எறும்பு ஊர்வது போல இருந்தாலும் நமக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கழுத்தெலும்பு தேய்மானம் சார், வயசாயிடுச்சில்ல?"

எழுபதைத் தாண்டியவனுக்கு இந்தப் பதிலில் சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் நம் வயதில் யார் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியும். ஒரு வலியும் இல்லாதவர் படத்திலும் தெரியும். தலைவலி என்று போனவனிடம், உன் முடி நரைத்திருக்கிறது, அதுதான் காரணம் என்று சொல்வது போல ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

என் ஆத்திரம் வேறு. இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கும் இதே பதிலைச் சொல்லி, இதே பட்டையை மாட்டி அனுப்புகிறார்கள்.

எங்கள் மாடி போர்ஷனில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். மூவரும் பென்னாகரம் பக்கம். ஓசூரில் வீடு வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டு மாடியிலும் இப்படி மூன்று பேரோ ஆறு பேரோ இருப்பார்கள். அவர்கள் வாடகையில்தான் நம்மில் பலர் மருந்து வாங்குகிறோம். அதில் ஒருத்தி, வண்டிகளுக்கு ஒயர் கட்டுத் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. நிமிர்த்தி வைத்த பெரிய பலகை; அதில் ஆணிகளும் கொக்கிகளும். கலர் கலரான ஒயர்களை அந்தக் கொக்கிகளில் மாட்டி, சேர்த்துக் கட்டி, டேப் சுற்ற வேண்டும். பலகையின் மேல் வரிசை அவள் தலைக்கு மேலே இருக்கிறது. எட்டு மணி நேர ஷிப்ட், ஓ.டி. வந்தால் பன்னிரண்டு.

போன வருஷம் தீபாவளி சமயம் படியில் டிபன் பாக்ஸைக் கீழே போட்டாள். மறுவாரம் பக்கெட். "என்னம்மா, கையில் பலமில்லையா?" என்றேன்.

"கை மரத்துப் போவுதுங்க தாத்தா. சுண்டு விரலும் பக்கத்து விரலும் என்னுதே இல்லாத மாதிரி இருக்குது. சடை பின்ன முடியலிங்க. பாதியில கையைத் தொங்க போட்டுடறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ராத்திரியெல்லாம் செல்போனைப் பிடித்துக்கொண்டு படுத்தால் இப்படித்தான்." வீட்டுக்காரன், வயசானவன் என்ற இரண்டு அதிகாரத்திலும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு மேலே போய்விட்டாள்.

முதலில் ஒரு கிளினிக்கில் சத்து ஊசியும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். அடுத்த இடத்தில் கழுத்து எக்ஸ்ரே. "லேசான தேய்மானம்" என்று எழுதி, பட்டை. மூன்றாவது இடத்தில் பட்டையைத் தொடரச் சொல்லி வேறு மாத்திரை. ஐந்து மாதம் போயிற்று. கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு லேசாக வற்றிவிட்டது. அப்புறம்தான் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் ஒரு டாக்டரிடம் போனாள். அவர் அவளைக் கேட்ட முதல் கேள்வி: "என்ன வேலை செய்யறம்மா? எப்படி நின்னுக்கிட்டு செய்வே, காட்டு."

அவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "அப்படியே இரு, விரலை மூடி மூடித் திற" என்றாராம். ஒரு நிமிஷத்துக்குள் வலது கை கனத்து, சுண்டு விரல் மரத்து, தானாக இறங்கிவிட்டது. பிறகு பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து ஓரிடத்தைக் காட்டினார். கழுத்தின் கடைசி எலும்பிலிருந்து, வலப்பக்கம், ஒரு குட்டி விலா முளைத்திருந்தது. அது புதுப் படம் அல்ல, இரண்டாவது இடத்தில் எடுத்த அதே படம்! தேய்மானத்தைத் தேடியவர்களுக்குத் தேய்மானம் கிடைத்தது.

நான் மருத்துவன் அல்ல, முப்பத்தைந்து வருஷம் கோப்பு கட்டிய குமாஸ்தா. ஆனாலும் அவள் கொண்டுவந்த சீட்டில் இருந்த பெயரை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். ஆங்கிலத்தில் இதற்கு தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று பெயர்; 1956-இல் பீட் என்ற மருத்துவரும் அவர் சகாக்களும் வைத்தது. பிரெஞ்சில் "தெஃபிலே" என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கு தெஃபிலே என்றால் ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் பழைய சிப்பாய்கள் மெடல் குத்திக்கொண்டு போகும் அணிவகுப்புதான். அதே சொல்லுக்கு மலைகளுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய இடுக்கு வழி என்றும் பொருள் உண்டு. இந்த நோய்க்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

வழி எப்படி என்றால், கழுத்துத் தண்டிலிருந்து கைக்குப் போகும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றோடொன்று பின்னி ஒரு கொத்தாக வருகின்றன. கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு தசைகள் மேலிருந்து இறங்கி முதல் விலா எலும்பில் ஊன்றி நிற்கின்றன. அந்த இரண்டு தசைக்கும் நடுவில் உள்ள முக்கோணச் சந்தில்தான் நரம்புக் கொத்தும், கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியும் நுழைய வேண்டும். ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் சிரை, முன் தசைக்கும் முன்னால் போகிறது. பிறகு மூன்றும் சேர்ந்து, மேலே காறை எலும்பு, கீழே முதல் விலா என்ற கத்தரிக்கோலுக்கு நடுவே புகுந்து, மார்புத் தசை ஒன்றின் அடியில் குனிந்து அக்குளுக்குப் போகின்றன. கையைத் தூக்கினால் கத்தரி மூடுகிறது. ஜூஜூவாடி எல்லையில் சாயங்காலம் லாரியும் கம்பெனி பஸ்ஸும் பைக்கும் ஒரே வாய்க்குள் நுழையப் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் நடுரோட்டில் ஒரு கம்பமும் நட்டுவைத்தால் எப்படி இருக்கும்? அந்தப் பெண்ணின் உபரி விலா அந்தக் கம்பம்தான்.

நூறு பேரில் ஒருவருக்குக்கூட இந்த உபரி விலா இருப்பதில்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். விலா இல்லாமலும் இந்த நெருக்கம் வரும். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு, கையைத் தூக்கியே வேலை செய்பவர்களுக்கு, தோள் முன்னால் சரிந்து உட்கார்ந்தவர்களுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது முதுகில் பாரத்தோடு தோளைப் பின்னால் இழுத்து நின்ற சிப்பாய்களிடமும் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இதில் நசுங்குவது எது என்பதைப் பொறுத்துக் கதை மாறும். பத்தில் ஒன்பது பேருக்கு நரம்புதான். வலி கழுத்தில் தொடங்கி, தோள் வழியாக, கையின் உள்பக்கமாக இறங்கி, மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மரப்பாக முடியும். கையைத் தூக்கினால் அதிகம். சிரை நசுங்கினால் கை திடீரென்று வீங்கி, கனத்து, நீலம் பாரிக்கும். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். பெரும்பாலும் இளம் வயதுக்காரர்களுக்கு, கடுமையாகக் கையை உபயோகித்த பிறகு வரும். லண்டனில் பேஜட் என்பவர் 1875-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். இதற்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. தமனி நசுங்குவது அபூர்வம். கை வெளுத்து, சில்லிட்டு, நாடி மெலியும். அதற்கும் தாமதம் கூடாது.

நம் கோஷ்டிக்காரர்கள் உடனே விரலை எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் இவை மரத்து, ராத்திரி எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் அது அநேகமாக மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் மரப்பது வேறு கதை. நடக்கும்போது நெஞ்சு அழுத்தத்தோடு இடது கை வலித்தால், அல்லது ஒரு பக்கக் கை திடீரென்று விழுந்து வாய் கோணினால், பேச்சுக் குழறினால், இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து 'சடக்'கென்று நெட்டி முறிக்கிறார்களே, அதை விட்டுவிடுங்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. இருபது ரூபாய் டிப்ஸுக்கு அது வேண்டாம்.

டாக்டர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்த நோயை உறுதி செய்ய ஒரே ஒரு சோதனை என்று கிடையாது. கையைத் தூக்கி நாடி பிடித்துப் பார்த்தால், நல்ல ஆரோக்கியமானவர்கள் பலருக்கும் நாடி மெலியும். நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கும் பரிசோதனை பலருக்கு ஒன்றும் காட்டாது. இது எவ்வளவு பேருக்கு வருகிறது என்பதிலேயே நிபுணர்களுக்குள் தகராறு. வாசலில் அறுபது பேர் காத்திருக்கும்போது ஒரு டாக்டர் இதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சுலபம். ஆனால் "என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்க எத்தனை விநாடி ஆகும்? அவள் காட்டிய சீட்டுகளைக் குமாஸ்தா புத்தியோடு புரட்டினேன். பெயர், வயது, பால், ஊர், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் இருக்கிறது. முதல் மூன்று இடத்துச் சீட்டிலும் தொழில் என்ற கட்டம் இல்லை.

இத்தாலியில் ராமத்ஸினி என்ற மருத்துவர், 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் போட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று சக மருத்துவர்களிடம் அதில் சொன்னார். 1713-இல் வந்த பதிப்பில், நாள் முழுக்க உட்கார்ந்து பேனா பிடிப்பவர்களின் கை நோயையும் எழுதியிருக்கிறார். எங்கள் ஜாதிக்கு அன்றே ஒரு அத்தியாயம் கிடைத்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். என் பிழைப்பே அதுதானே.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தொழிற்சாலை டாக்டர் கண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள் 29. ஈய விஷம் இருக்கிறது, பாதரசம் இருக்கிறது, ஆந்த்ராக்ஸ், பஞ்சு நோய், கல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ், இரைச்சலால் காது போவது எல்லாம் இருக்கின்றன. கழுத்து, தோள், கை நரம்பு பற்றி ஒரு வரி கிடையாது. 2020-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்பிலும் அந்தப் பட்டியல் 29-தான். புகைபோக்கியும் உலையும்தான் தொழிற்சாலை என்று நினைத்த காலத்துப் பட்டியல் அது. ஓசூரில், சூளகிரியில், ராயக்கோட்டை சாலையில் இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் செய்வது குளிர்சாதன ஹாலில் நின்றுகொண்டு, கையால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. விஷம் எதுவும் இல்லை, தூசி இல்லை. ஆகவே நோயும் இல்லை என்று காகிதம் சொல்கிறது.

இதில் பணமும் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டப்படி சாதாரண நோய் என்றால் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள். வேலையால் வந்த ஊனம் என்றால் 90 சதவீதம், அந்த இயலாமை தீரும் வரை. பட்டியலில் இல்லாத நோயாக இருந்தால், வேலையில் நடந்த ஒரு குறிப்பிட்ட விபத்துக் காயத்தால் நேரடியாக வந்தது என்று இருந்தாலொழிய இந்த இரண்டாவது வகைக்குள் வராது என்று 52-ஏ பிரிவு சொல்லிற்று. அந்தப் பெண்ணுக்கு விபத்து எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நடந்தது? இரண்டு வருஷம், நாளைக்கு எட்டு மணி நேரம் நடந்தது. அந்தப் பதிலை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியாது.

அவளுடைய காண்ட்ராக்டரின் ஆள் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது பிறவிக் கோளாறு, கம்பெனிக்கு என்ன சம்பந்தம்?" என்றானாம். கேட்டவுடன் நியாயம் போலத் தோன்றும். விலா பிறவியில் வந்ததுதான். இருபத்தோரு வருஷம் அந்த விலாவோடு தண்ணீர் இறைத்தாள், சோளம் அறுத்தாள், மாட்டுக்குப் புல் சுமந்தாள், பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினாள். ஒன்றும் ஆகவில்லை. பலகை முன்னால் நின்ற இரண்டே வருஷத்தில் சதை வற்றியது. மெல்லிய தோல் உள்ளவனுக்குச் சிமெண்ட் பட்டுப் புண் வந்தால், தோல் உன்னுடையது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தொழில் தோல் நோய் அந்த 29-க்குள் இருக்கிறது. நரம்புக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

பிரான்சில் தொழில் நோய்ச் சட்டம் 1919 அக்டோபரில் வந்தது. தொடக்கத்தில் அங்கேயும் ஈயமும் பாதரசமும்தான். ஆனால் அட்டவணைகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1972-இல் 57-ஆம் அட்டவணை வந்தது: உடலின் நிலையாலும் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவாலும் வரும் மூட்டு, தசைநார், நரம்புக் கோளாறுகள். தோள் தசைநார் விஷயத்தில் கோணம், நேரம் வரை எழுதியிருக்கிறார்கள்: கையை உடம்பிலிருந்து 60 டிகிரிக்குக் குறையாமல் விலக்கித் தூக்கி, நாளில் மொத்தம் இரண்டு மணி நேரம், 90 டிகிரி என்றால் ஒரு மணி நேரம். மணிக்கட்டு நரம்பும் முழங்கை நரம்பும் அதில் உண்டு. கழுத்தடி இடுக்கு நெருக்கம் அங்கேயும் பெயர் சொல்லி இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பட்டியலுக்கு வெளியே உள்ள கடுமையான நோய்க்கு, ஒரு மருத்துவக் குழுவிடம் வழக்கை எடுத்துப் போக 1993 முதல் கதவு திறந்திருக்கிறது. பிரான்சு நம்மைவிட மேல் என்று சொல்ல வரவில்லை, அவர்கள் தர்பாரையும் சிறு வயதில் பார்த்தவன் நான். ஒரு கோணமானியும் ஒரு கடிகாரமும் வைத்து அளந்து சட்டத்தில் எழுத முடிகிற விஷயம் இது என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டம் மாற எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். கோப்பு எப்படித் தூங்கும் என்று கூடவே இருந்து பார்த்தவன். அதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்கு அரசாணை வேண்டாம். பலகையை ஒரு சாண் தாழ்த்தலாம். குட்டையான பெண்களுக்குக் காலடியில் ஒரு மேடை போடலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேல் வரிசைக்காரியையும் கீழ் வரிசைக்காரியையும் மாற்றி நிறுத்தலாம். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஆள் வைத்திருப்பதாக ரிட்டையரான இன்ஜினியர் நண்பர் சொல்கிறார். அவர்களுக்குச் சாமான் செய்து கொடுக்கும் சின்ன ஷெட்டுகளில் யார் கோணம் பார்க்கிறார்கள்? மாங்காய்ச் சீசனில் கிருஷ்ணகிரித் தோப்புகளில் அண்ணாந்தே பறிக்கிறவர்களுக்கும், சீலிங் பூசுகிறவர்களுக்கும் கம்பெனி என்றே ஒன்று கிடையாது. அவர்களை எந்தச் சீட்டில் சேர்ப்பது என்று எனக்கு விடை தெரியவில்லை.

பெங்களூர் டாக்டர் அவளுக்குப் பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டார். பிசியோதெரபி: கழுத்துப் பக்கத் தசைகளைத் தளர்த்துவது, தோள்பட்டையைப் பின்னிழுத்துப் பலப்படுத்துவது, மேல் நெஞ்சால் மூச்சு விடாமல் வயிற்றால் விடுவது. சில மாதம் விடாமல் செய்தால் பலருக்கு இதுவே போதுமாம். இவளுக்குச் சதை வற்றியிருப்பதால் தள்ளிப்போட முடியாது. முன்னேற்றம் இல்லையென்றால் அந்தக் குட்டி விலாவை ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டியிருக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

சூப்பர்வைசரிடம் அவளே மூன்று முறை கேட்டு பேக்கிங் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். அங்கே ஓ.டி. கிடையாது, மாதம் இரண்டாயிரம் குறைகிறது. வலி பாதியாகிவிட்டது என்கிறாள். சடை பின்னுவதை அறைத்தோழி பார்த்துக்கொள்கிறாள். சதைமேடு இன்னும் ஏறவில்லை. அடுத்த மாதம் மறுபடி காட்ட வேண்டும். லீவு கிடைத்தால் நானும் கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், லீவு அவளுக்குத்தான் கிடைக்க வேண்டும்.

மொட்டைமாடியில் துணிக்கொடியை ஆறரை அடி உயரத்தில் கட்டியவன் நான்தான். போன ஞாயிற்றுக்கிழமை அதை நெஞ்சுயரத்துக்கு இறக்கிக் கட்டினேன். போர்வையெல்லாம் தரையில் புரள்கிறது என்று வீட்டில் அன்றிலிருந்து எனக்குத் திட்டு.